மாணவர் தலைவன் உள்ளே சொன்னது

"1979 ஆடி, தேரோட்டத்துக்கு மறுநாள்: ஆசிரியர் கூட்டத்தில் மாணவர் தலைவனும் அமர்ந்தான்." என் பழைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன் அவன். ஒல்லியான உடம்பு. வாய் திறக்குமுன் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். தேர் பார்க்கப் பள்ளிச் சுவர் ஏறிக் குதித்து, மூன்றாம் முறையாக அகப்பட்ட ஒருவனை என்ன செய்வது என்று தீர்மானிக்கத் தலைமை ஆசிரியர் இவனையும் அழைத்திருந்தார். அகப்பட்டவன் இவனுடைய உயிர் நண்பன். அன்று மாலையே அவனுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "வாராரு வே, சின்ன ஹெட்மாஸ்டரு!" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் நின்று கேட்டேன்.

"ஏலே, டி.சி. கொடுக்கச் சொன்னது நீயா?"

பொத்தானைத் தொட்டான். "உள்ள பேசுனத வெளிய சொல்லக்கூடாது."

"அவன் உன் கூட்டாளியில்லா?"

"அதுக்குத்தாம்ல என்னையும் கூப்பிட்டாங்க."

ஆண்டு முடியும்வரை அவன் தனியாகவே சாப்பிட்டான்.

பல வருடங்கள் கழித்து, அந்தக் கூட்டத்தில் இருந்த ஆசிரியர் ஒருவரிடம், மாணவர் தலைவன் உள்ளே என்ன சொன்னான் என்று விசாரித்தேன். "அந்தப் பய அழுதது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னாம்னு ஞாபகம் இல்லய்யா" என்றார்.

அவன் சரி என்றானா, வேண்டாம் என்றானா என்பதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.