டெமோவுக்கு நிரவிய பாதை

கத்திரிக்காய் வாங்கினாலே காம்பைத் திருப்பிப் பார்க்கிறவள் நான். வண்டி வாங்கும்போது சும்மா இருப்பேனா?

மணிமங்கலம் ஏரிக்குக் கீழே குத்தகை நிலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் லான் புல் வளர்க்கிறோம். ஒரகடம் பக்கம் புதுக் கம்பெனிகளின் முகப்பில் பச்சைப் பசேலென்று விரித்திருக்கிறார்களே, அதில் பாதி எங்கள் புல் என்று சொல்லிக்கொள்வேன். பாதி என்பது கொஞ்சம் பீற்றல்தான். புல்லை வேர்மண்ணோடு பாய் பாயாக வெட்டிச் சுருட்டி, தார் ரோட்டில் நிற்கும் லாரிக்குக் கொண்டுபோக வேண்டும். மழை குடித்த சுருள் கல்லாய்க் கனக்கும். அதையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுவது என் வீட்டுக்காரர் வேலை.

அவர் கார் கம்பெனியில், வண்டி பூட்டுகிற லைனில் பத்தொன்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தவர். டாக்டர் முதுகெலும்பு ஸ்கேன் படத்தைக் காட்டி, இனிமேல் கனம் தூக்கினால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"அப்போ நான் வூட்ல குந்திக்கினு டி.வி. பாக்கணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பயந்துபோய்க் கேட்டார். அதற்குப் பிறகுதான் வண்டி தேட ஆரம்பித்தோம்.

டிராக்டர் ஒத்துவராது. ஈர நிலத்தில் அது ஒரு தடவை போனால் புல் பாத்தி முழுக்கத் தடம் விழும். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்குப் புல் இறக்கப் போனபோது, தோட்ட வேலைக்கு வைத்திருந்த ஒரு குட்டி வண்டி புல்தரை மேலேயே ஓடியதைப் பார்த்தேன். குண்டுக் குண்டு டயர். அது போன பின் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மடங்கிய புல் கொஞ்ச நேரத்தில் தானாக நிமிர்ந்தது! செக்யூரிட்டி வந்து, "இன்னா தொலைச்சீங்க?" என்று அவரும் சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

எந்தத் தரையிலும் ஓடுகிற அந்த வண்டிக்குப் பெயர் ஏ.டி.வி. என்று தெரிந்துகொண்டேன். விற்கிறவரைப் பிடித்து உயிரை வாங்கினேன். டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "காத்தே இல்லையே?" என்றேன். காற்று குறைவாக இருந்தால்தான் டயர் பரந்து நிற்கும், சேற்றில் புதையாது என்றார். நாலு சக்கரமும் இழுக்குமா, சிக்கிக்கொண்டால் யார் இழுப்பது, முன்னால் சுற்றியிருக்கும் கம்பிக் கயிறு எதற்கு, சுமையோடு மேடேறும்போது பின்னால் சாயாதா? அந்த மனிதர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று பைக் மாதிரி காலைப் போட்டு உட்கார்ந்து ஓட்டுவது, பின்னால் சின்ன டிரெய்லர். இன்னொன்றுக்குக் கார் மாதிரி இரண்டு சீட்டு, பின்னால் தாழ்வான தொட்டி. என் வீட்டுக்காரருக்குக் கண் முழுக்க முதல் வண்டி மேல்தான். "பைக்குன்னா கெத்தா இருக்கும்மே" என்றார். ஐம்பது வயதில் கெத்து! எங்கள் சேற்றில் ஓட்டிக் காட்டுங்கள், எது தேறுகிறதோ அதை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி இரண்டையும் வரவழைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது இல்லையா?

டெமோ அன்று காலையில் நான் போய்ப் பார்த்தால், முந்தாநாள் என் செருப்பை விழுங்கிய பாதை கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறது. பள்ளத்திலெல்லாம் செங்கல் உடைசல் கொட்டி, மேலே செம்மண் போட்டு நிரவி, இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு வேறு. இரண்டு வண்டியும் வழுக்கிக்கொண்டு ஓடின. வாடகை ஆட்டோகூட ஓடியிருக்கும்.

"யாருய்யா இந்த வேலையைப் பாத்தது?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக. "வெளியாளு பாக்க வரான். அசிங்கமா இருக்கும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம். கம்பெனிக்கு ஆடிட் வருகிறது என்றால் முதல் நாளே கூட்டிப் பெருக்கி, கோடு போட்டு, ஒழுகுகிற இடத்தைத் துடைத்து வைப்பார்கள். வருகிறவன் குறையைப் பார்க்கத்தானே வருகிறான் என்று அங்கே யாரும் கேட்டதில்லை போல. "சேத்துல ஓடுதான்னு பாக்க வந்தவனுக்கு சேத்தையே பூசி மொழுகிட்டீங்களே!" என்று சிரித்துக்கொண்டேதான் திட்டினேன்.

புல் வெட்டுகிற தென்காசிக்காரர் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். "ஏசாதீய அக்கா. அண்ணாச்சியும் எங்க கூடச் சேந்து கூடை கூடையா சுமந்தாவல்லா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காலையிலிருந்து வீட்டுக்காரர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவரிடம் பேசப் பிடிக்காமல், பம்பு செட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தேன். அங்கே கால்வாய் ஓரம் யாரும் தொடாத சேறு முழங்கால் வரைக்கும் கிடந்தது. "இங்க ஓட்டிக் காட்டச் சொல்றேன்" என்று கத்தினேன். "இரு, கோச்சிக்காதே, ரெண்டு கூடைதான் தூக்கினேன்" என்று பின்னாலேயே வந்தவர், பாதிச் சேற்றில், "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

என் சத்தம் கேட்டு விற்பனைக்காரர் முதலில் அந்த பைக் மாதிரி வண்டியில் வந்தார். வேகமாகத்தான் வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் காலையே அசைக்க முடியாதவர் அதில் எப்படிக் காலைத் தூக்கிப் போடுவார்? டிரெய்லரில் அவர் முதுகு நீட்ட இடமில்லை. அவரும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

விற்பனைக்காரர் திரும்பிப் போய் அந்த இரண்டு சீட்டு வண்டியை ஓட்டி வந்தார். தொட்டியின் பின்கதவு என் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. வெட்டி வைத்திருந்த புல் பாய்களை அதில் விரித்து, தென்காசிக்காரரும் சேர்ந்து மூன்று பேராகப் பிடித்து அவரைப் படுக்க வைத்தோம். நானும் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். விற்பனைக்காரர் கியரைக் குறைத்து, வாய்ப்பேச்சை நிறுத்தி ஓட்டினார். நாலு சக்கரமும் சேற்றைத் துழாவித் தார் ரோட்டுப் பக்கம் மெல்ல மெல்ல ஏறின. ஒரு இடத்தில்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கிறாரா என்று நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அவர் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. "நிலத்தைக் குடுத்துடுமே" என்றார். "என்னால ஆவாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவர் மேல் கோபம், அவரைச் சேற்றில் நடக்க வைத்த என் மேல் அதைவிடக் கோபம்.

"அதெல்லாம் குடுக்க முடியாது" என்றேன். "நீங்க வண்டி ஓட்டுங்க. கனத்தை நாங்க தூக்கிக்கிறோம்."

அவர் படுத்தபடியே கையை நீட்டித் தொட்டியின் ஓரத்தைத் தடவி, "இதுல ரிவர்ஸ் எப்படிப் போடுவாங்கோ?" என்று கேட்டார்.