சாமை விதைப்பும் என் சளியும்

மலைக்கு ரோடு போடாத காலம். அந்த வருஷம் எங்கள் ஊர்ச் சாமை விதைப்பு என் மூக்கினால் நின்றது.

முதல் பிடி விதையை ஊர்க்கவுண்டர் வீச வேண்டும். அவர் வீசாமல் யாரும் விதைக்கக் கூடாது. விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பது எங்கள் வீட்டு முறை. எனக்கு அண்ணன் தம்பி இல்லை. நான் நின்றேன். மழை பெய்து மண் பதமாக இருந்தது. கவுண்டர் கூடைக்குள் கையை விட்டார். நான் தும்மினேன்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். இரண்டு தும்மினால் நல்லது. ஒன்றோடு நின்றால் ஆகாது, திரும்பிவிட வேண்டும். இன்னொன்று வரவில்லை. திரும்பினோம்.

மறுநாளும் ஒன்றுதான் வந்தது.

"ஏன்டா, தும்மறதுல கூடவா கஞ்சத்தனம்?" என்றார் கவுண்டர்.

"ஒன்னோட நின்னுக்குதுங்க."

"மண்ணு காயுது. இன்னும் ரெண்டு நாளு. அப்பறம் சாமையும் இல்ல, சோறும் இல்ல."

அன்று முதல் என் சளி ஊருக்குப் பொது. என் பெண்டாட்டி தூதுவளை ரசம் வைத்தாள். அடுத்த வீட்டில் ஆடாதொடைக் கஷாயம். அதற்கடுத்த வீட்டில் கற்பூரவல்லிச் சாறு. வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு ஓர் ஆளை இறக்கிவிட்டார்கள். அங்கே எங்களிடம் மிளகு வாங்கும் பாய், கைகண்ட மருந்து என்று ஒரு பொட்டணம் கொடுத்தனுப்பினார். பிரித்தால் மிளகு. நாங்கள் போன வாரம் விற்றது. அதையும் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

கடைசியில் கவுண்டரே நொச்சித்தழையோடு வந்தார். பானையைக் கொதிக்க வைத்து, என்னைக் கம்பளிக்குள் உட்கார வைத்தார். நான் ஏமாற்றுவேன் என்று அவரும் உள்ளே புகுந்தார்.

"நல்லா இழு கண்ணு."

"வேகுதுங்க."

"வேவட்டும்."

இரண்டு பேரும் நனைந்து வெளியே வந்தோம். அடுத்த நாள் காலையில் என் மூக்கு காய்ந்துபோயிருந்தது. சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காட்டுக்குப் போனோம். கூடையை நீட்டினேன். கவுண்டர் விதையை அள்ளினார். கையை ஓங்கினார். தும்மினார்.

ஒன்று.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கவுண்டர் சூரியனைப் பார்த்தார். மூக்கைத் தேய்த்தார். வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் ஒன்னு போடுடா."

"இல்லீங்க. தீந்துபோச்சுங்க."

"நாலு நாளா எங்க உசுர வாங்கினியே, இப்ப ஒன்னே ஒன்னு!"

ஒருவர் புல்லைக் கிள்ளி என் மூக்கில் விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் வரவில்லை. ஊரே வாய் பிளந்து என்னோடு சேர்ந்து முக்கியது.

அப்போது வரப்பு மேல் நின்ற என் பெண்டாட்டி தும்மினாள்.

"ரெண்டாச்சுங்க மாமா, வீசுங்க" என்றாள்.

"ஆளு வேறயாச்சே புள்ள?"

"ஆளுதானுங்க வேற. சளி ஒன்னுதானுங்களே? இவருகிட்ட இருந்துதானே உங்களுக்கும் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு."

கவுண்டர் யோசித்தார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கவுண்டர் விதையை வீசினார்.

அவளுக்குச் சளி பிடித்ததை நான் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

மதியத்துக்குள் எல்லாக் காட்டிலும் விதை விழுந்தது. சாமை முளைத்து வந்தபோது ஊரில் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். யாரும் எண்ணவில்லை.