ஆம்புலன்ஸ் பெண்ணிடம் சொன்ன பொய்

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த வெளிநாட்டில் என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோழி வீட்டிலிருந்து திரும்பியவளின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கண்ணின் கருமணிகள் அகல விரிந்திருந்தன.

"அம்மா, சுவர் அசையுது. அங்க எல்எஸ்டி எண்டு ஒரு சின்னத் தாள் தந்தவை. நாக்கில வச்சனான், சரியாக் கைச்சது," என்று அழுதாள்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவள் ஒரு தமிழ்ப் பெண். அவளைக் கண்டதும், நம்மவர்களுக்குள் கதை பரவிவிடுமோ என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏதாவது எடுத்தவவோ?" என்று கேட்டாள்.

"இல்லை, நேற்றிலயிருந்து காய்ச்சல்," என்றேன். அந்த நேரத்திலேயே மகளுக்கு வலிப்பு வந்தது.

அந்தப் பெண் அவளை ஒருபக்கமாகத் திருப்பியபடியே, "அன்ரி, நான் பொலிஸ் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன்.

அது எல்எஸ்டி அல்ல, 'என்-பாம்' எனப்படும் செயற்கைப் போதைப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். அதுவும் அதே மாதிரித் தாளில்தான் வருமாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாம். மூன்றாம் நாள் மகள் எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எங்க நிண்டாலும் கூப்பிடு. முதல்ல வாறன், பிறகு பேசுறன்," என்று இப்போது அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் விசாரித்தால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். போன கிழமை ஒரு தாய் போன் எடுத்து, "என்ர மகனோட இதை எப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டார். நான் போனை மகளிடம் கொடுத்தேன்.