ஆண் பூ இல்லாத குட்டை

கண்ணால் பார்த்ததையே இன்னொரு தரம் தட்டிப் பார்க்கிறவள், கூட வாழ்கிற மனிதரை எவ்வளவு தூரம் நம்ப முடியும்? அந்தத் தாவரவியல் ஆசிரியையின் வாழ்க்கை ஏறக்குறைய இந்த ஒரு கேள்விதான். விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட "அப்படியா?" என்பாள். கல்லூரியில் அவள் பெயரே 'அப்படியா டீச்சர்'.

பழைய கல்குவாரிக் குட்டையில் ஓர் அபூர்வச் செடி இருந்தது. விரல் நகம் உயரம்தான். பூக்கும் காலத்தில் பெண் பூ முடி போன்ற காம்பில் ஏறி நீர்மட்டத்தைத் தொடும். ஆண் பூ செடியிலிருந்து கழன்று, மாவுத்துகள் போல மிதந்து வந்து அதில் முட்டும். ஆனால் இந்தக் குட்டையில் இருந்தவை எல்லாம் பெண் செடிகள். தண்டு ஓடிப் பரவினவே தவிர, காய் பிடித்ததே இல்லை. ஆண் செடிகள் மலைக்கு அந்தப்புறத்து ஏரியில்தான்.

குட்டையைத் தூர்த்துப் பேருந்துப் பணிமனை கட்டத் திட்டம். கரையிலிருக்கும் அவள் நாத்தனார் வீடும் போய்விடும். காய்க்காத செடியென்றால் தொட்டிக்கு மாற்றிவிடலாம். தானாக விதை பிடித்துப் பெருகினால் குட்டையை மூடக்கூடாது. எது என்று அரசுக்குச் சொல்ல வேண்டியவள் அவள்.

அந்த வருஷம் பார்த்துக் காய் பிடித்தது.

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"யாராவது குட்டையில இறங்கினாங்களா?"

"வாங்க அண்ணி. உக்காந்து விசாரிங்க, குற்றவாளி டீ போட்டுட்டு வரேன்."

"விளையாடாதே. ஆண் பூ எப்படி வந்துச்சு?"

"வாத்து கால்ல ஒட்டியிருக்கும்."

"அப்படியா?"

கண்ணாடி அடிவைத்த பெட்டியை நீரில் அழுத்திக் குட்டை முழுக்கத் தேடினாள். ஓர் ஆண் செடிகூட இல்லை. வாத்தோடு வந்தால் செடி வரும், விதை வரும்; மிதக்கிற பூ மட்டும் வராது. யாரோ மொண்டு வந்து ஊற்றியிருக்கிறார்கள். நாத்தனாருக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் கீரை. விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

அவள் இதையெல்லாம் சொல்லியிருந்தது ஒரே ஒருவரிடம்: பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் 'உம்' கொட்டும், பால்வண்டி ஓட்டும் கணவரிடம்.

"ஏரிப்பக்கம் போனீங்களா?"

"தினம் போற வழிதானே."

"வண்டியை நிறுத்தி இறங்கினீங்களா?"

"என்னம்மா, போலீஸ் வேலைக்கு மாறிட்டியா?" பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை மறைத்தது.

ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் மனிதர் காது கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

பணிமனைத் திட்டத்தின் அதிகாரி குட்டைக்கு வந்தார். "தானா பிடிச்ச விதைதானே, மேடம்?"

"அடுத்த பூப்பு வரைக்கும் பார்க்கணும். அதுவரை ஒரு கூடை மண்கூடக் கொட்டாதீங்க."

இந்தக் காய்கள் சேற்றில் உதிர்ந்தால் அடுத்த வருஷம் ஆண் செடியும் முளைக்கும். பிறகு யாரும் கேள்வி கேட்க இடமில்லை. அது தெரியாதவள் அல்ல அவள். நேர்மைக்காகக் கேட்ட தவணையா, வீட்டுக்காரருக்காகவா என்று நாத்தனார் பலமுறை வாயைக் கிளறிப் பார்த்தாள்.

அன்று அதிகாரி போன பிறகு, பரிசோதனைக்காகப் பறித்திருந்த ஒற்றைக் காயையும் குனிந்து தண்ணீரிலேயே விட்டுவிட்டு அவள் கரையேறினாள்.