கூறைச் சேலையின் மறுமுனையில் எங்கள் மகள்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் பதினேழாம் நாள், காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் மகள் எங்களை விட்டுப் பிரிந்தாள். விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தெருவில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தன. அவளுக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு எழுபத்து மூன்று. நாற்பது வருடம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன் நான். இந்தக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

காங்கேயத்தில், அவள் அம்மா பிறந்த வீட்டில் பிறந்தாள். கைக்குழந்தையிலிருந்தே ஓயாத வயிற்றுப்போக்கு. பதினோரு வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. தடித்த கண்ணாடியோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள். துணியில் ஊசி நுழையாத ஓட்டையைக்கூட அவள் விரல் கண்டுபிடித்துவிடும் என்பார்கள்.

இருபத்தாறு வயதில் இரண்டு குதிகாலுக்கும் மேலே எலுமிச்சையளவு கட்டி திரண்டது. செக்கிங் மேசையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் வீங்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு நடை தடுமாறியது. பிறகு மனமும். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்லி அழுவாள், திடீரென்று சிரிப்பாள். வேலை போயிற்று. கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒருவர், மனத்துக்கு ஒருவர் என்று அலைந்தோம். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்றும் பார்த்தார்கள். எல்லா எண்ணும் சரியாகவே இருந்தது. ஊர் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அவளுக்கு முப்பத்தாறு நடக்கும்போது அவள் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச் சேலையின் ஒரு முனையைப் பிடித்து அவனோடு சபையில் நிற்க வேண்டும். என் அக்கா தயங்கினார்.

"ஏப்பா, அத்தன சனத்துக்கு முன்னால அவ தடுமாறி உழுந்தா பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? ஏதாச்சும் பேசிப்போட்டா? நம்ம பெரியண்ணன் மகள நிறுத்திக்கலாம். அவளும் அக்கா மொறதான?"

என் மகன் சொன்னான்: "எங்கக்கா நிக்கறதுன்னா எனக்குக் கல்யாணமுங்க அத்தை. இல்லீனா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தது போனாப் போகுது."

அவள் நின்றாள். அரக்குப் பட்டு உடுத்தி, வெறுங்காலோடு, சேலை முனையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. கால் ஆடியது. அவளோ தம்பியைப் பார்த்து, "டே, கெட்டியாப் புடிச்சுக்கடா. நா உழுந்தா நீயும் உழுவ, தாலி கட்ட வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றாள். பெண்வீட்டார்தான் முதலில் சிரித்தார்கள். சீர் குறைவில்லாமல் முடிந்தது.

பந்தியில் பெண்ணின் சித்தப்பா மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருத்துவம் படித்த பெண். "ஏனுங்க மாமா, அக்காளுக்குச் சின்ன வயசுலயே கண்ணுல பொரை வந்துச்சுங்களா? வயித்தால போயிட்டே இருக்குமுங்களா?"

"சாப்படற எடத்துல கேக்கற கேள்வியா இது?" என்று கடிந்துகொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. சீர்ல நிக்கறப்போ குதிகாலப் பாத்தேன். கண்ணு, காலு, மனசு, மூணும் ஒரே நோயாட்ட இருக்குதுங்க."

அவள் சொன்ன பெரிய மருத்துவமனையில் அது உறுதியாயிற்று. கொழுப்பைப் பித்தநீராக மாற்றும் வேலை எங்கள் மகளின் உடலில் பிறவியிலேயே பாதியில் நின்றுவிட்டது. மாறாமல் நின்ற அந்தப் பொருள் கண்ணிலும் குதிகால் தசைநாரிலும் மூளையிலும் படிந்துகொண்டே வந்திருக்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாதாம். சொந்தத்தில் மணந்த எங்கள் இருவரிடமும் மறைந்திருந்த குறை அவளிடம் சேர்ந்துவிட்டது. மகனுக்கும் பரிசோதித்தோம். அவனுக்கு நோய் இல்லை.

மருந்து தொடங்கியதும் வயிற்றுப்போக்கு நின்றது. அடுத்த ஆண்டுக்குள் பயமும் விலகியது. "பக்கத்தூட்டுக்காரங்க என்னப் பத்திப் பேசலீங்கப்பா. அவிகளுக்கு ஆயிரம் வேல கெடக்குது" என்றாள் ஒரு நாள். அன்று நானும் அவள் அம்மாவும் சாப்பிடவில்லை. அப்படியொரு சந்தோஷம். கால்கள் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் நுரையீரலில் சளி கட்டியது.

உறவினர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சிறு வயதில் கண்புரையும் தீராத வயிற்றுப்போக்கும் கண்டால், வரன் அமையாது என்று மறைக்காதீர்கள். முன்னதாகத் தெரிந்தால் மருந்து கேட்கிறது.

கண்டு சொன்ன அந்தப் பெண்ணுக்கும், ஞாயிறு தவறாமல் வந்த செக்கிங் பிரிவுத் தோழியருக்கும், மலம் மூத்திரம் பாராமல் பணிவிடை செய்த மருமகளுக்கும், கடைசி எட்டு மாதம் எங்களோடு தங்கி அவளுக்குத் தலை வாரிவிட்ட என் அக்காவுக்கும் எங்கள் நன்றி. மருந்துக்கடைத் தம்பிக்குத் தனி நன்றி. விலையை அவள் காதில் விழாமல் காத்தவர் அவர். மாதாமாதம் பொட்டலம் வந்ததும், "எவ்வளவு ஆச்சுங்கப்பா?" என்பாள். தெரிந்தால் விழுங்க மாட்டாள். நானூறு என்பேன். "நானூறா? சாஸ்தீங்கப்பா. பேரம் பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

கண்ணு, பேரம் பேசிப் பார்த்தேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஐம்பத்தெட்டு மாதத்துக்குப் பதினொரு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்து அறுநூறு ரூபாய்.