மூன்றாவது நட்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு அவளுடையது. கிணறும் அவளுடையது. நானும் அப்படித்தான் ஓர் உடுப்புப் பையோடு சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் போனேன். நிக்காஹ் அன்று ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குச் சத்தம் வரவில்லை. "மாப்பிள, சாட்சிமாருக்குக் கேக்கணும்" என்று நிக்காஹ் நடத்திய லெப்பை இன்னொரு தரம் சொல்ல வைத்தார். அதைச் சொல்லி என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

எனக்கென்று இருந்தது ஒரு பழைய லொறி மட்டும்தான். சம்மாந்துறை வயல்களில் நெல் ஏற்றி மில்லில் கொண்டுபோய் இறக்குவேன். கெபின் கதவைச் சாத்தினால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத ஒருவனுக்கு அது நல்ல இடம். அந்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த வருஷம் அது. என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், கடல்தொழில் செய்கிறவர். அவருடைய போட் மண்ணெண்ணெயில் ஓடும். கடலுக்குப் போகாமல் கிடந்த நாட்களில் அவரிடம் ஒரு பெரிய கேன் மிஞ்சியிருந்தது. அது அவருக்கு மட்டும் உரியதல்ல, போட்டில் பங்குள்ள மூன்று பேருக்கும் பொது. "கொண்டு போ. ஆருக்கும் சொல்லிராத" என்றார். வரிசையில் டீசல் கிடைக்காத நாட்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக டாங்கியில் கலந்தேன். லொறி ஓடியது. அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் நடுக்கம் தொடங்கியது. ஓடும்போது தெரியாது. நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் லொறி முழுக்கக் குலுங்கும். கண்ணாடியில் தொங்கிய, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிகள் டக்டக்கென்று அடிக்கும். சில வேளை தானாகவே நின்றுவிடும். சிறுபோக நெல் வெட்டு நெருங்கியிருந்தது. மில்லில் நெல் இறக்க வரிசை நீளும். எஞ்சினை ஓடவிட்டபடி நின்று நின்றுதான் நகர வேண்டும். அங்கே எஞ்சின் நின்றுபோகிற லொறிக்கு லோட் தரமாட்டார்கள்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாஸ் வயதானவர், கோபக்காரர், ஆனால் கெட்டிக்காரர். அன்று அங்கே நாலைந்து டிரைவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் காக்காவின் போட்டில் பங்குள்ள ஒருவரின் தம்பி.

"என்ன தம்பி, டீசல் தானே ஊத்தின? வேற ஒண்டும் கலக்கல்லியே?" என்று பாஸ் முதலிலேயே கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீசல்தான்" என்றேன்.

அவர் நம்பினார். ஆள் பொய் சொல்லமாட்டான் என்று எனக்கொரு பேர் இருந்தது. கதைக்காதவனுக்கு அந்தப் பேர் தானாக வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எஞ்சினைத் தாங்கும் றப்பர்களைக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். நன்றாக இருந்தன. பில்டரை மாற்றினார். குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று கையால் பம்ப் அடித்து அடித்துக் காற்றை எடுத்தார். நடுக்கம் போகவில்லை. கடைசியாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நாலு சிலிண்டருக்கும் டீசல் போகும் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தும்போது அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாற வேண்டும். முதலாவதைத் தளர்த்தினார், தடுமாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது சத்தம் மாறவே இல்லை.

"இந்தா படுத்திருக்காரு ஆள்" என்றார் பாஸ். "மத்த மூணு பேரும் உழைக்க, இவரு மட்டும் சும்மா இருந்து திங்காரு."

"லொறிக்காரன் மாதிரித்தான். அவன் வாயத் தொறக்க மாட்டான், லொறிதான் அவனுக்கும் சேத்துக் கதைக்கிது" என்றான் ஒரு டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நோசில் பழுதென்று வேறொன்று போட்டார். எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. மணிகள் அசையாமல் தொங்கின. பாஸ் பெருமையோடு கையைத் துடைத்தார். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். டாங்கியில் மிச்சமிருந்ததை வடித்திருப்பார். அடுத்த சில நாட்களில் இரண்டு தரம் சொல்லத்தான் போனேன். ஒரு தரம் பாஸ் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மறுதரம் ஆட்கள் நின்றார்கள். டயரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டின் பின்னால் அரைக் கேன் இன்னும் இருந்தது. வரிசையும் குறையவில்லை. அதையும் ஊற்றினேன்.

வெட்டுத் தொடங்கிய ஐந்தாம் நாள், மில் வாசலில், நெல்லோடு லொறி நின்றது. பின்னால் டிரெக்டர்கள் ஹோர்ன் அடித்தன. "இறங்கித் தள்ளுங்க மச்சான், இல்லாட்டி லொறிக்கு ஓதிப் பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பேசாமல் கிடந்தது.

பாஸ் இந்தத் தடவை டீசல் பம்பைக் கழற்றிப் பிரித்தார். உள்ளேயிருந்த பளபளப்பான துண்டொன்றை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள். என்னைக் கராஜின் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே யாரும் இல்லை.

"இந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெ. மண்ணெண்ணெயில அந்த வழுவழுப்பு இல்ல. எவ்வளவு ஊத்தின?"

"ஒரு கேன்" என்றேன்.

"அண்டைக்கு ஏன் சொல்லல்ல?"

"ஆக்கள் நிண்டாங்க."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவரோ அந்தத் துண்டை ஒரு பழைய துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வகைப் பம்ப் அப்போது கொழும்பிலும் கிடைக்கவில்லை. மில்காரர் லோட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். மனைவியிடம் உண்மையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "லெப்பை ரெண்டாந்தரம் கேட்டாரு, சொன்னீங்க. பாஸ் ரெண்டாந்தரம் கேக்கல்ல, அதான்" என்றாள். அவள் வீட்டு வளவில், முருங்கைக்குப் பக்கத்தில் லொறி மாதக்கணக்கில் கிடந்தது. மழைக்குக் கெபினுக்குள் போய் உட்காருவேன். "இஞ்சருங்க, சோறு ஆறுது" என்று அவள் கூப்பிடும்வரை இருப்பேன்.

பெரும்போக வெட்டு நடக்கும்போது, பழைய இரும்பு வாங்கும் ஒருவர் சம்மாந்துறையிலிருந்து டிரெக்டரோடு வந்தார். வளவில் அயலவர் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன மச்சான் இதுக்கு வருத்தம்?" என்று லொறியின் பழுதைப் பற்றி அவர் கேட்டார்.

"மண்ணெண்ணெய் ஊத்தினன்" என்றேன். என் சத்தம் வெளி வாசல்வரை கேட்டிருக்கும். எனக்கே திடுக்கென்றது.

"அது எங்களுக்கு என்னத்துக்கு? இரும்பு இரும்புதானே" என்று சொல்லிவிட்டு அவர் சங்கிலியைக் கொளுவப் போனார்.

இழுத்துப் போகும்போது ஸ்டேரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நானே ஏறினேன். முன்னால் டிரெக்டர், நடுவில் சங்கிலி. எஞ்சின் இல்லாமல் ஸ்டேரிங் கல்லாகக் கனத்தது. ரோட்டின் இரு பக்கமும் வெட்டிய வயல்களில் நெல் மூட்டைகள் லொறிக்குக் காத்துக்கிடந்தன. சந்தியில் டிரெக்டர் நின்றபோது நானும் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். தஸ்பீஹ் மணிகள் ஒரு தரம் ஆடி நின்றன. பிறகு ஒன்றுகூட அசையவில்லை.