போடிமெட்டுல எடுத்த போட்டோ

இன்னைக்குக் காலையில ஏலத்தோட்டத்துக்குப் போன எங்க ஜீப்ப போடிமெட்டுல நிறுத்தி, வனத்துறைக்காரரு பிளாஸ்டிக் சோதனை போட்டாரு.

என் புளிச்சோறு பாலித்தீன் கவர்ல இருந்துச்சு.

"ஏம்மா, இதக் காட்டுமாடு தின்னா சாகாதா?"ன்னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டாரு.

பக்கத்துல இருந்த எதிர்வீட்டுச் செல்வி எவர்சில்வர் தூக்குவாளியத் தூக்கிக் காட்டுனா.

"இந்தக்காவப் பாத்துக் கத்துக்கங்க"ன்னு அவள மட்டும் நிக்கவச்சு போட்டோ எடுத்தாரு. விழிப்புணர்வு போர்டுல போடப்போறாகளாம். அவ சிரிச்ச சிரிப்புல எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

அது என் தூக்குவாளிங்க! போன மாசம் அவ வீட்டு விசேஷத்துக்கு இரவல் வாங்குனது. அது இல்லாமத்தான் நான் கவர்ல கட்டுனேன்.

அவரு போன்ல அந்தப் போட்டோவ எட்டிப் பாத்தேன். வாளியில வெட்டுன என் பேரு 'மு. பாண்டியம்மாள்' பளிச்சுன்னு விழுந்திருக்கு.

போர்டு வைக்கிற வரைக்கும் வாளியத் திருப்பிக் கேக்கமாட்டேன். கேட்டா, பேரு இருக்குறது ஞாபகம் வந்து போட்டோவ மாத்தச் சொல்லிருவா. மூஞ்சி அவளோடது, பேரு என்னோடது. போற வர்ற சனம் எத நம்பும், சொல்லுங்க?